ஆட்டக்காரர் பயிற்சியாளராக மாறும் வழி

கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் கால்பந்து ஆடும் ஒருவர் பயிற்சியாளராக விரும்பினால், ஆடிக்கொண்டிருக்கும்போதே சிறுவர் அணி ஒன்றைப் பொறுப்பேற்று, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொடக்கநிலை உரிமப் பயிற்சியில் சேர்ந்து, பின்னர் 'சி', 'பி', 'ஏ' உரிமங்களைப் படிப்படியாகப் பெறுவதே முறை.

இங்கிலாந்தின் காரெத் ஏன்ஸ்வொர்த் 2012இல், விக்கம் வாண்டரர்ஸ் அணியின் ஆட்டக்காரராக இருந்தபோதே, நான்காம் நிலைப் பிரிவில் அதன் மேலாளரானார், அதாவது தலைமைப் பயிற்சியாளரானார். 2014இல் பருவத்தின் கடைசி நாளில் கோல் வித்தியாசத்தால் (அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசம்) மட்டுமே தகுதியிறக்கத்திலிருந்து, அதாவது கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுவதிலிருந்து, தப்பிய அந்த அணியை, 2020இல் முதன்முறையாக இரண்டாம் நிலைப் பிரிவுக்கு உயர்த்தினார். அந்த நெருக்கடிக்குப் பிறகும் நிர்வாகம் அவரை மாற்றவில்லை என்பதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

ஆகவே, பொறுப்பேற்கும் முன்பே கிளப்புடன் குறைந்தது இரண்டு பருவங்களுக்கு எழுத்துப்பூர்வமாகப் பேசி முடியுங்கள். பயிற்சியை வெயில் தணிந்த பின் வையுங்கள். ஆட்டம் முடிந்ததும், எதிரணியின் கார்னர் கிக்கில் யார் யாரைத் தடுத்து நின்றார் என்பதை நோட்டில் குறித்துவையுங்கள்.