டிரெய்லர் கடையில் தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது?

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கு டிரெய்லர் கடை இழுத்துப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பை விட்டு வந்த பிறகு அந்த டிரெய்லர்களைப் பார்த்துக் கொடுப்பதுதான் எனக்கு வேலை. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "அண்ணே, இந்த அச்சு எத்தனை கிலோ தாங்கும்?" நான் திருப்பிக் கேட்பது, "தண்ணீர்த் தொட்டியை எங்கே வைக்கப் போறீங்க?"

அச்சுக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அச்சில் ஒட்டியிருக்கும் தகட்டில் எண் இருக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். அச்சு, வில்தகடு, ரிம், டயர் நான்கிலும் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் எல்லை. டயர் ஓரத்தில் அளவுக்குப் பின்னால் 91 என்று இருந்தால், சரியான காற்றில் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். இரண்டும் சேர்ந்து 1,230. ஆனால் அச்சுத் தகட்டில் 1,000 என்றால் 1,000தான். பெரிய டயர் போட்டதால் அச்சு பலமாகிவிடாது. தகடே இல்லாத பழைய அச்சைக் கண்ணால் பார்த்து "தடியா இருக்கே, தாங்கும்" என்று சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

இனி எடை உட்காரும் இடம். மாட்டு வண்டி ஓட்டிய தாத்தாக்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்று சொன்னாலே போதும். பின்பாரமானால் நுகம் மேலே தூக்கும். ஒற்றை அச்சு டிரெய்லரும் அப்படித்தான். இழுக்கும் வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் டோபார் உருண்டையின் மேல் அழுத்தும் மூக்குப் பாரம், ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். மிகவும் கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரத்தில் பிடிமானம் குறையும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

ஒரு கணக்கு. டிரெய்லர் சாமானோடு 900 கிலோ, மூக்கில் 110, அச்சில் 790. அச்சிலிருந்து உருண்டை வரை 3 மீட்டர். இதில் 150 லிட்டர் தண்ணீர் ஏற்ற வேண்டும், அதாவது 150 கிலோ. கழுவும் தொட்டி பின்னால் இருக்கிறதே என்று, அச்சுக்குப் பின்னால் 1.2 மீட்டரில் வைக்கிறீர்கள். 150ஐ 1.2ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 60. மூக்கில் அந்த 60 குறைந்து 50 ஆகிவிடும். அச்சில் ஏறுவது 150 அல்ல, 210! அச்சு சரியாக 1,000 கிலோவில் நிற்கும், மூக்கில் நூற்றுக்கு 5 கூட இல்லை. அதே தொட்டியை அச்சுக்கு முன்னால் 30 செண்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். மூக்கு 125, அச்சு 925. தண்ணீர் அதேதான், அச்சும் அதேதான்.

திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழாகிவிடுவதைப் பலரும் யோசிப்பதில்லை. முன்னால் இருந்த நல்ல தண்ணீர் தீர்ந்திருக்கும், கேஸ் தோங்கும் (சிலிண்டரும்) இலேசாகியிருக்கும். பின்னால் அழுக்குத் தண்ணீர் நிறைந்திருக்கும். கடை மூடியதும் அதைச் சாக்கடைக்குப் போகும் இடமாகப் பார்த்துக் கொட்டிவிட்டுக் கிளம்புங்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ கோயிலில் தண்ணீர்ப் பந்தல் போடப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: முடிந்தால் காலித் தொட்டியோடு போய் அங்கே நிரப்புங்கள். அரைத்தொட்டித் தண்ணீர் அலம்பும், அது முழுத்தொட்டியை விட மோசம்.

கனமானது எல்லாம் தரையோடு, அச்சை ஒட்டி, கொஞ்சம் முன்னால். ஃபிரிட்ஜும் அடுப்பும் ஒரே பக்கம் வந்தால் எதிர்ப்பக்கம் அரிசி மூட்டை வையுங்கள். ஜெனரேட்டரைச் சத்தத்துக்குப் பயந்து கடைசியில் தொங்கவிடுவதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். நாற்பது ஐம்பது கிலோ அது, வாலில் இருந்தால் ஆட்டத்துக்கு அதுவே போதும்.

எடை போட செம்பனை ஆலையின் திம்பாங், அதாவது லோரியை ஏற்றி எடை பார்க்கும் தராசு, இருக்கவே இருக்கிறது. பழ லோரிகள் குவியும் பிற்பகலில் போகாதீர்கள். காலையில் போய் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கடைக்குப் போகும்போது ஏற்றும் அத்தனையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டியோடு மாட்டியபடி டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் தட்டில் நிற்கட்டும்: அது அச்சுப் பாரம். பிறகு கழற்றி, சக்கரங்களும் முன்காலும் தட்டின் மேல் வரும்படி தனியாக நிறுத்துங்கள்: அது மொத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூக்குப் பாரம். லோரிக்கான தராசு சின்ன வித்தியாசத்தைக் காட்டாது. அதனால் வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசின் மேல் மரக்கட்டை வைத்து, டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, மூக்கை அதன்மேல் இறக்கி ஒரு முறை சரிபாருங்கள். தராசின் எல்லை 150 கிலோதான் என்றால் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இழுக்கும் வண்டியையும் மறக்கக் கூடாது. உருண்டை, பின் சக்கரத்துக்கு 1.3 மீட்டர் பின்னால் இருந்து, முன், பின் சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர் என்றால், மூக்கின் 125 கிலோ பின் அச்சில் 179ஆக இறங்கும். முன் அச்சிலிருந்து 54 கிலோ தூக்கப்படும். ஹைலக்ஸ் பிக்கப் மாதிரி வண்டிக்கு இது பெரிதல்ல. சின்னக் காருக்குப் பெரிது. டோபார் தகட்டில் உள்ள எல்லையையும் பாருங்கள். அமெரிக்காவில் பெரிய கேரவன்களுக்கு வில்கம்பி வைத்த இணைப்பு மாட்டுவார்கள். அது பாரத்தில் ஒரு பங்கை முன் சக்கரங்களுக்குத் திருப்பித் தரும், இன்னொரு பங்கை டிரெய்லர் அச்சுக்கே அனுப்பும். அச்சு ஏற்கெனவே எல்லையில் நின்றால் அது உதவாது. பின்பாரத்தால் வரும் ஆட்டத்துக்கும் அது மருந்தல்ல. சாமானை நகர்த்துவதுதான் மருந்து.

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பிளஸ் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப் பக்கத்து இறக்கம் தெரியும்தானே. இறங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டி நிமிர்த்தவும் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் தனிக் கட்டுப்பாடு வண்டியில் இருந்தால் அதை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். ஆட்டம் அடங்கியதும் ஓரமாக நிறுத்தி, பின்னால் இருப்பதை முன்னால் மாற்றுங்கள்.

கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்தி, இரண்டு சக்கரத்தின் நடுமூடியையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் அல்லது பிரேக் பிடிக்கிறது. அன்றைக்கு வியாபாரம் வேண்டாம், மெதுவாகக்கூட ஓட்டாமல் அங்கேயே ஆளை வரச்சொல்லுங்கள்.