ஊசி போட்ட தோள் ஆறவில்லையா? இழப்பீடு கேட்கும் வழி

தடுப்பூசி போட்ட கை இரண்டு மூன்று நாள் வலிப்பது சகஜம். அதற்கு வக்கீலைத் தேட வேண்டாம். வாரக்கணக்கில் ஆகியும் ஆச்சியால் கொண்டை போடக் கையைத் தூக்க முடியவில்லை என்றால் அது வேறு சங்கதி. ஊசி தசையில் இறங்காமல் தோள்முட்டுக்குப் பக்கத்தில் மேலே இறங்கினால் மூட்டைச் சுற்றி அழற்சி வரலாம்.

முதல் வேலை: தேதி. எந்த ஊசி, எந்தக் கை, பேட்ச் எண், வலி தொடங்கிய நாள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எலும்பு மருத்துவரிடம் போனால், "ஊசி போட்ட அன்றிலிருந்து வலி" என்பது சீட்டில் ஏறும்படி பாருங்கள். வெறும் "தோள் வலி" என்று இருந்தால், சர்க்கரைக்காரருக்கு வருகிற தோள் இறுக்கம்தான் இது என்று எதிர்த்தரப்பு சுலபமாகச் சொல்லிவிடும். வழக்குகள் தோற்பது இங்கேதான் என்பது என் எண்ணம். ஸ்கேன் எடுத்தால் அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து காகிதங்கள். சிகிச்சைப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது விதி. பில் இல்லாமல் நகராதீர்கள், நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட அது வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகப் போடும் அரசு சுகாதார நிலையம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே போட்டுக்கொண்டவர்கள் சிவில் வழக்கு பற்றி வக்கீலைக் கேட்க வேண்டும். தடுப்பூசிப் பாதிப்பு என்று சுகாதார நிலையத்தில் பதிவும் செய்யுங்கள். ஆனால் அந்தப் பதிவே பணம் வாங்கித் தராது.

பிறகு புகார். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கெடு 2 ஆண்டு. கிளினிக்குக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் போடலாம். ஆனால் வலியைக் காட்டினால் மட்டும் போதாது, போட்ட விதமே தவறு என்று காட்ட வேண்டும். அதற்கு வேறொரு மருத்துவரின் எழுத்துக் கருத்து வேண்டும். சக மருத்துவருக்கு எதிராக எழுதத் தயங்குவார்கள், முன்கூட்டியே தேடுங்கள்.

சரி, மகன் அமெரிக்காவில் இருந்து அங்கே ஊசி போட்டுக்கொண்டால்? அங்கே 1988 முதல் தடுப்பூசிப் பாதிப்புக்கென்றே தனி இழப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. தோள் காயம் 2017-ல் அதன் பட்டியலில் சேர்ந்தது. போட்டவரின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், அந்தத் தோளில் அதற்கு முன் கோளாறு இருந்திருக்கக் கூடாது, பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். மனு போட 3 ஆண்டு அவகாசம். வலிக்கும் வேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் தனி. கோவிட் ஊசிக்கு வேறு திட்டம், அதற்குக் கெடு ஓராண்டுதான். விடுமுறைக்கு வந்தபோது காரைக்குடியில் போட்டுக்கொண்ட ஊசி பொதுவாக அந்தக் கணக்கில் வராது, அதற்கு சிவகங்கைதான்.