மல்லிகைக் குச்சியும் வேப்பங்கொட்டையும்: உயிர்களின் வேறுபாட்டை அளந்து காரணம் பிரிக்கும் முறை

ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு உயிர்களுக்கு இடையே கண்ணில் படும் வேறுபாடு பிறப்பில் வந்ததா, வளர்ந்த இடத்தால் வந்ததா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. வளர்த்துப் பார்த்தே சொல்ல வேண்டும். அதற்கு மதுரை மிகவும் வசதியான ஊர். விதையில் முளைத்த வேம்பு இங்கே தெருவுக்குத் தெரு நிற்கிறது; குச்சியாலும் பதியனாலும் பெருக்கப்படும் மல்லிகை, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் விளைகிறது.

முதலில் வேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மரத்திலிருந்து நன்கு முதிர்ந்த ஐம்பது இலைகளைப் பறித்து, காம்பின் அடியிலிருந்து நுனிச் சிற்றிலை வரை முழு இலையின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். கொழுந்தைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் வயதின் வித்தியாசம் கணக்கில் கலந்துவிடும். பிறகு ஐம்பது வெவ்வேறு மரங்களிலிருந்து, ஏறக்குறைய ஒரே உயரத்தில், மரத்துக்கு ஓர் இலை வீதம் பறித்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு பட்டியலையும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிகளாகப் பிரித்துக் கட்டத்தாளில் பட்டை வரைந்தால், பெரும்பாலும் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகிற வடிவம் கிடைக்கும். இதுதான் தொடர்ச்சியான வேறுபாடு. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் செயல்படுவதாலும், வெயில், நீர், மண் ஆகியவை அவற்றோடு சேர்வதாலும் இது உண்டாகிறது. ஒரே மரத்தின் இலைகள் எல்லாவற்றிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள் என்பதால், முதல் பட்டியலில் தெரியும் ஏற்ற இறக்கத்திற்கு இலை இருந்த இடமும் அது பெற்ற வெயிலுமே முக்கியக் காரணம். இரண்டாம் பட்டியலில் மரபும் சூழலும் கலந்தே இருக்கின்றன. அளவுகோலை வைத்து அவற்றைப் பிரிக்க இயலாது.

தொடர்ச்சியற்ற வேறுபாட்டுக்கு வேலியோரத்துச் சங்குப்பூவே போதும்: ஒரு கொடியில் நீலப்பூ, மற்றொன்றில் வெள்ளைப்பூ. மனிதரின் ஏ, பி, ஏபி, ஓ இரத்த வகைகளும் இப்படித்தான். ஒருவர் ஒரு வகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பதில்லை. நாக்கைச் சுருட்டும் திறனை இதற்கு உதாரணமாகச் சொல்லும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரிலேயே ஒருவர் சுருட்டுவார், மற்றவரால் முடியாது என்பது 1950களிலேயே தெரிந்துவிட்டது.

இனிக் காரணத்தைப் பிரிப்போம். ஆனி முதல் ஐப்பசி வரையுள்ள மாதங்களில், ஒரே மல்லிகைச் செடியிலிருந்து மூன்று நான்கு கணுக்கள் உள்ள குச்சிகளை நறுக்கி வேர்விடச் செய்து, ஒரே அளவுள்ள தொட்டிகளில், ஒரே மண்கலவையில் நடுங்கள். பாதித் தொட்டிகளை மொட்டைமாடி வெயிலிலும் மீதியை மரநிழலிலும் வைத்து, மண்ணின் ஈரம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி தண்ணீர் விடுங்கள். சில மாதங்களில் நிழல்செடியின் இலை அகன்று மெலிந்தும், வெயில்செடியின் இலை சிறுத்துத் தடித்தும் வரும். மொட்டும் நிழலில் குறையும். குச்சிகள் அனைத்தும் ஒரே செடியின் பகுதிகள் என்பதால் இந்த வேறுபாட்டைச் சூழலின் கணக்கில் எழுதலாம். நிழல்செடியிலிருந்து குச்சி எடுத்து வெயிலில் நட்டால், புதிதாக வரும் இலைகள் வெயில்செடியின் இலைகளைப் போலவே வரும் என்பதையும் பார்த்துவிடுங்கள். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு: பூவின் குணத்தில் மண்ணுக்கும் வெயிலுக்கும் பங்கு இருக்கிறது.

சூழலால் வந்த வேறுபாடு அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை என்பதை டென்மார்க்கின் தாவர ஆய்வாளர் வில்ஹெல்ம் யோகான்சன் 1903இல் வெளியிட்ட அவரை ஆய்வும் காட்டியது. ஒரே செடியிலிருந்து தன் மகரந்தச் சேர்க்கையால் மட்டுமே வந்த தூய வழியில், பெரிய விதையை விதைத்தாலும் சிறிய விதையை விதைத்தாலும், அடுத்த தலைமுறை விதைகளின் சராசரி எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

எதிர்ச் சோதனைக்குப் பப்பாளியை எடுத்துக்கொள்ளலாம். ஆண் மரங்களும் நிற்கும் தோப்பில் காய்த்த நாட்டுப் பப்பாளியின் ஒரே பழத்து விதைகளை, ஒரே பாத்தியில், ஒரே தண்ணீரில் வளர்த்தால், சில மரங்கள் நீண்ட காம்பில் தொங்கும் பூக்களோடு ஆணாகவும், சில காய்க்கும் பெண்ணாகவும் நிற்கும். இடம் ஒன்றாக இருந்தும் வந்த இந்த வேறுபாடு பிறப்பில் வந்தது. இனச்செல்கள் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பில், மரபணுக்களைத் தாங்கும் இணைக் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பிறகு எது எந்தச் செல்லுக்குப் போகும் என்பது தற்செயலாக அமைகிறது. மனிதனின் 23 இணைகளுக்கு இந்தப் பங்கீடு ஒன்றிலேயே 83,88,608 விதங்கள் உண்டு. தாய் தந்தை இருவரின் இனச்செல்களும் சேரும்போது வாய்ப்புகள் மேலும் பெருகுகின்றன. ஆனால் இவை எல்லாம் ஏற்கெனவே இருப்பதைக் கலைத்து அடுக்குபவை மட்டுமே; புதிய மரபணு வடிவத்தைப் படைப்பது, மரபணுவிலேயே திடீரென நேரும் மாற்றமான சடுதிமாற்றம்தான்.

செடியின் மொட்டிலும் சடுதிமாற்றம் நேரலாம். தோட்டத்தில் ஒரு கிளை மட்டும் வேறுவிதமாகப் பூத்தால் அதில் நூல் கட்டி அடையாளம் வைத்து, அதிலிருந்தும் பக்கத்துக் கிளையிலிருந்தும் குச்சிகள் எடுத்து ஒரே பாத்தியில் நடுங்கள். கார்த்திகைக் கவாத்துக்குப் பிறகு வரும் பூவிலும் வேறுபாடு நிலைத்திருந்தால், அந்தக் கிளையைத் தனியாகப் பெருக்கத் தொடங்கலாம்.