சராசரிக் கணக்கும் செக்கிங் டேபிளும்

திருப்பூரில் எங்கள் சிறிய பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிள் முன்னால் எப்போதும் பண்டல்கள் குமிந்து கிடக்கும். தையல் நடக்கும் பவர் டேபிளிலிருந்து சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பண்டல் வரும். செக்கிங்குக்கு 9 நிமிடம் ஆகும். "கணக்கு சரியாத்தானுங்க இருக்குது, அப்புறம் ஏனுங்க குமியுது?" என்றார் முதலாளி.

முதலில் எக்செல்லில் ஷிப்டின் 480 நிமிடத்துக்கும் 480 வரிசை போட்டு ஓட்டினேன். எல்லா இடத்திலும் சராசரியையே போட்டதால் ஒரு பண்டல்கூடத் தேங்கவில்லை. வீண் வேலை.

அப்புறம் கைக்கடிகாரத்தோடு டேபிள் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்தேன். ஒரு பண்டல் 4 நிமிடத்தில் முடிந்தது, கறை இருந்த இன்னொன்று 20 நிமிடம் இழுத்தது. பண்டல்களின் வரவு இடைவெளி, செக்கிங் நேரம் இரண்டையும் சீட்டுகளில் எழுதி, இரண்டு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தேன். அரை மணி நேரத்தில் குவியல் காகிதத்திலேயே தெரிந்துவிட்டது. இப்படிக் குலுக்கல் முறையில் எண்களை எடுத்து ஓட்டிப் பார்ப்பதுதான் மான்டே கார்லோ முறை, டப்பா வடிவத்தில்!

சீட்டு எடுத்துக் கை வலித்ததும் பைத்தான் நிரல்மொழியில், இப்படிப்பட்ட ஓட்டங்களுக்கான சிம்பை (SimPy) என்ற நூலகத்தை வைத்து எழுதினேன். நிமிடம் நிமிடமாக நகராமல், பண்டல் வரும்போதும் முடியும்போதும் மட்டும் கடிகாரம் தாவும். வரவு இடைவெளியும் வேலை நேரமும் எக்ஸ்பொனென்ஷியல் பரவல் (குறுகிய நேரங்கள் அதிகம், நீண்டவை அரிது) என்று வைத்தால், நீண்ட ஓட்டத்தில் சராசரியாக 8 பண்டல் காத்திருக்கும். செக்கிங்கை 8 நிமிடமாக்கினால் அது 3 சொச்சம்தான்.

அந்த ஒரு நிமிடத்துக்காகப் பிசிறு வெட்டும் வேலையைக் தையல்காரருக்கு உதவும் கைமடிகளிடம் மாற்றினோம். இப்போது டேபிள் முன்னால் நடக்க வழி இருக்கிறது.