தாய்வீடு போகும் வழியில் நழுவும் சிகிச்சை: கிராமங்களில் எச்.ஐ.வி. உள்ள தாய், சேய் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். சிகிச்சைக் கோப்பு புகுந்த ஊர் ஏ.ஆர்.டி. மையத்திலேயே (எச்.ஐ.வி. மருந்து தரும் மையம்) இருக்கும், பிரசவம் வேறு மாவட்டத்தில் நடக்கும். அதன்பிறகு அவள் வராவிட்டால் 'அலட்சியம்' என்று சுகாதாரப் பணியாளர்களான நாம் பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். பெரிய தவறு அது. ஐந்தாம் மாதமே "பிரசவம் எந்த ஊரில்?" என்று கேட்டு, அங்குள்ள மையத்துக்கு மாற்றுக் கடிதமும் இடைக்காலத்துக்கு மாத்திரையும் கொடுத்தனுப்புங்கள். எதுவுமே செய்யாவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். மருந்து ஒழுங்காகப் போனால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும்.

தாய் தினமும் சாப்பிடும் எச்.ஐ.வி. மருந்தான டி.எல்.டி. மாத்திரையையும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் ஒரே மடக்கில் விழுங்குவதைப் பலர் தவறென்றே நினைப்பதில்லை. வெறும் வயிற்றில் அப்படிச் சாப்பிட்டால் டி.எல்.டி.யில் உள்ள டோலுடெகிராவிர் உடலில் சரியாகச் சேராது. விடிந்ததும் 6 மணிக்கு டி.எல்.டி., சத்து மாத்திரை எதுவானாலும் 8 மணிக்கு மேல், இரவு 10 மணிக்குள் என்று சொல்லிக்கொடுங்கள்; குழப்பமே வராது.

குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கக் கொடுக்கும் நெவிரபின் சிரப்பில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு மி.லி.யில் 10 மி.கி. மருந்து இருக்கிறது. பிறந்தபோது இரண்டரைக் கிலோவுக்கு மேல் இருந்த குழந்தைக்குத் தினமும் ஒரு வேளை 15 மி.கி., அதாவது 1.5 மி.லி. புட்டியில் வெறுமனே '15' என்று எழுதினால் ஆபத்து. டீஸ்பூனில் ஊற்றினால் 5 மி.லி., மூன்று மடங்குக்கும் மேல். ஊசியில்லா சிரிஞ்சில் 1.5 கோட்டின் மேல் பேனாவால் அடையாளமிட்டு, தாயையே ஒருமுறை உறிஞ்சி எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

தாய்ப்பால் என்றால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். சேனை (பிறந்ததும் நாக்கில் வைக்கும் இனிப்பு), சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், பசும்பால் எதுவும் கூடாது. கலந்து கொடுப்பது பிஞ்சுக் குடலைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழிவிடும். இதைத் தாயிடம் மட்டும் சொன்னால் போதாது. சேனை வைப்பது பாட்டி. நோயின் பெயரை எடுக்காமல், "எந்தக் குழந்தைக்கும் இதுதான் நல்லது" என்று பாட்டியிடமும் சொல்லலாம், அது உண்மையும்கூட.

குழந்தைக்கு எச்.ஐ.வி. பரிசோதனை 6 வாரம், 6 மாதம், 12 மாதம், 18 மாதம். பால் நிறுத்தி 6 வாரம் கழித்தும் ஒன்று. ஆறாம் வாரம் பென்டாவேலன்ட் தடுப்பூசியோடு சேர்ந்து வருவதால் நினைவிருக்கும். 6, 12 மாதங்களில் தடுப்பூசி இல்லை என்பதால் அவைதான் விட்டுப்போகின்றன. முதல் முடிவு நெகட்டிவ் என்றதும் நின்றுவிடுவதும் தவறு. பால் குடிக்கும்வரை ஆபத்து இருக்கிறது. 18 மாதத்துக்குள் சாதாரண ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) சோதனையை நம்பி முடிவு சொல்லாதீர்கள். அது தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடியாக இருக்கலாம்.

ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடைசெய்கிறது. வீட்டு எண்ணுக்கு அழைத்து மாமியாரிடம் "ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்க வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டால், பிறகு அந்த எண்ணை யாரும் எடுக்கமாட்டார்கள். எந்த எண், எத்தனை மணி, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதை முதல் நாளே அவளிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.