பிளாக்ஜாக் போட்டிக்குப் பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

லாஸ் வேகாஸ் கேசினோவில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தின் சாதாரண மேசையில் உங்கள் எதிராளி டீலர், அதாவது கேசினோ சார்பில் சீட்டுப் போடுபவர். அதே கேசினோ நடத்தும் போட்டியில் எதிராளி பக்கத்து நாற்காலிக்காரர். டீலரிடம் நிறைய தோற்றாலும், மேசையில் மற்றவர்களைவிட ஒரு சிப் (பந்தயம் வைக்கும் வில்லை) அதிகம் வைத்திருந்தால் அடுத்த சுற்றுக்குப் போகலாம். சில போட்டிகளில் கேசினோ தன் கைப்பணத்தையும் பரிசில் சேர்க்கும். அந்தப் போட்டிகளைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியமான வேலை.

படி 1: விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள்

லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிளேயர்ஸ் கார்டு (கேசினோவின் உறுப்பினர் அட்டை) எடுத்துவிட்டு, அந்தக் கவுன்டரிலேயே போட்டியின் விதித்தாளைக் கேளுங்கள். கட்டணம் எவ்வளவு, அதிகபட்சம் எத்தனை பேர், பரிசு எவ்வளவு, தோற்றவர் மறுபடி பணம் கட்டி நுழையலாமா என்று பாருங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

படி 2: உங்கள் பங்கைக் கணக்கிடுங்கள்

மொத்தப் பரிசை ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். கட்டணம் 100 டாலர், 100 பேர், பரிசு 8,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 80 டாலர். உட்காரும்போதே 20 டாலர் போய்விட்டது. பரிசு 10,000 டாலர் நிச்சயம் என்று அறிவித்துவிட்டு 60 பேர்தான் வந்தார்கள் என்றால், பங்கு 166 டாலருக்கு மேல். இதுதான் நமக்கான போட்டி. அதனால் பதிவு முடியும் நேரம் வரை பொறுத்திருந்து, எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கட்டுவது நல்லது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த 60 பேரில் 40 பேர் தோற்று, மறுபடி பணம் கட்டுகிறார்கள். பரிசோ அதே 10,000. இப்போது மொத்த நுழைவு 100. ஒரு நுழைவின் பங்கு 100 டாலருக்கு இறங்கிவிட்டது. லாபம் முழுவதும் கரைந்து போச்சு!

பரிசைப் பணமாகத் தருகிறார்களா என்பதையும் பாருங்கள். நான் ஒருமுறை இதைப் படிக்காமல் கட்டிவிட்டேன். பரிசு பணமல்ல, புரோமோ சிப்ஸ் (நேரடியாகப் பணமாக மாற்ற முடியாத சலுகை சிப்ஸ்) என்று பிறகுதான் தெரிந்தது. பல இடங்களில் அந்த சிப்பை ஒரே முறைதான் பந்தயம் வைக்கலாம். ஜெயித்தால் பணம் வரும், ஆனால் சிப்பை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே 100 டாலர் சிப்பின் உண்மை மதிப்பு 50 டாலருக்கும் கொஞ்சம் குறைவு.

விமானம், அறை வாடகை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான சின்னப் போட்டிகள் அதற்காகவே பயணம் போகும் அளவுக்குத் தேறாது. ஏற்கனவே ஊரில் இருந்தால் மட்டும் சேருங்கள்.

படி 3: கடைசி ஆட்டத்துக்குத் தயாராகுங்கள்

பட்டன் என்பது முதலில் பந்தயம் வைப்பவரைக் காட்டும் அடையாள வில்லை. அது இருக்கும் நாற்காலிக்காரர் முதலில் பந்தயம் வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பட்டன் ஓர் இடம் நகரும். கடைசி ஆட்டத்தில் அது யாரிடம் வரும் என்று முன்பே எண்ணிப் பாருங்கள். கடைசியாகப் பந்தயம் வைப்பவருக்கு மற்றவர்களின் பந்தயம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ஓர் உதாரணம். கடைசி ஆட்டத்தில் எதிராளியிடம் 1,000 சிப்ஸ், உங்களிடம் 900. அவர் 200 வைத்துவிட்டார். உங்கள் கை தானாகப் பெரிய பந்தயத்துக்குப் போகும். 350 வைத்து ஜெயித்தால் 1,250. அவரும் ஜெயித்தால்கூட 1,200தான். சரி, ஆனால் 50 மட்டும் வைத்துப் பாருங்கள். அவர் தோற்றால் 800. நீங்களும் தோற்றால்கூட 850! பிளாக்ஜாக்கில் ஒரு வீரர் ஜெயிப்பது 100க்கு சுமார் 43 முறை, தோற்பது சுமார் 48 முறை. ஆகவே அவர் தோற்பதை நம்பி 50 வைப்பதே மேல்.

புளியங்கொட்டையை சிப்ஸாக வைத்து, வீட்டில் இரண்டு பேரோடு இந்தக் கடைசி ஆட்டத்தை மட்டும் இருபது முப்பது முறை ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சிப்ஸ் எண்ணிக்கையை மாற்றிவிட்டு, பந்தயத்தைப் பத்து வினாடிக்குள் முடிவு செய்யப் பழகுங்கள்.