ஆர்.வி. பயணத்துக்கு எந்த கேம்ப்கிரவுண்ட் மெம்பர்ஷிப்? புதியவர்களுக்குப் படிப்படியாக

அமெரிக்காவில் முதல் ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) வாங்கிய கையோடு எல்லாரும் கேட்பது, வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டுகளுக்கு "எந்த மெம்பர்ஷிப் எடுக்கலாம்?" என்றுதான். கொஞ்சம் பொறுங்கள். பாதி விலை, 10 சதவீதம் தள்ளுபடி என்று அட்டையில் போட்டிருப்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. எந்தக் கிழமை, எந்த மாதம், எத்தனை இரவு செல்லும் என்கிற விதிகளில்தான் உங்கள் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இருக்கிறது.

படி 1: இரவுகளை எழுதுங்கள்

அடுத்த 12 மாதங்களில் எங்கெங்கே தங்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு இரவுக்கும் மூன்று விஷயம் போதும்: எந்த மாநிலம், வார நாளா வார இறுதியா, ஹூக்கப் தேவையா. வண்டிக்குத் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு மூன்றும் இருந்தால் அது ஃபுல் ஹூக்கப். உங்கள் வண்டியின் மின் இணைப்பு 30 ஆம்ப்பா 50 ஆம்ப்பா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் உங்கள் பட்டியல் பெரும்பாலும் வெள்ளி, சனி, அப்புறம் ஜூன், ஜூலை என்றுதான் வரும். அதை மறைக்காமல் எழுதுங்கள்.

படி 2: எந்த வகை என்று பாருங்கள்

முதல் வகை, சாதாரணத் தள்ளுபடி. குட் சாம், மொன்டானாவின் பில்லிங்ஸில் 1962-இல் தொடங்கிய கே.ஓ.ஏ. இரண்டும் இந்த ரகம். தங்கள் வலையில் உள்ள கேம்ப்கிரவுண்டுகளில் 10 சதவீதம் குறைப்பார்கள். பாஸ்போர்ட் அமெரிக்கா பாதி விலை என்கிறது, ஆனால் நிபந்தனைகள் அதிகம்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு அவர்களுடைய இடங்களில் தங்கிக்கொள்வது. 1969-இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய தவுசண்ட் டிரெயில்ஸ் இதில் பெரிய பெயர்.

மூன்றாவது, ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ். திராட்சைத் தோட்டம், பண்ணை, பீர் தயாரிக்கும் இடம் மாதிரியான இடங்களில் ஒரு இரவு நிறுத்திக்கொள்ளலாம். வாடகை கிடையாது, ஆனால் அங்கே ஏதாவது வாங்குவது மரியாதை, 30 டாலராவது செலவழியுங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். ஹூக்கப்பை எதிர்பார்க்காதீர்கள், கழிப்பறையும் தண்ணீர், கழிவுநீர்த் தொட்டிகளும் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், கூடாரம் போட முடியாது. தூரப் பயணத்தில் நடுவில் ஒரு ராத்திரி தூங்கி எழ இது அருமையான ஏற்பாடு. ஒரு வாரம் ஒரே இடத்தில் இருக்க நினைப்பவருக்கு ஒத்துவராது.

படி 3: விதிகளை வரி வரியாகப் படியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பாஸ்போர்ட் அமெரிக்காவில் ஒவ்வொரு கேம்ப்கிரவுண்டும் தன் நிபந்தனையைத் தானே போடுகிறது. ஒன்றில் "ஞாயிறு முதல் வியாழன் வரை மட்டும், இரண்டு இரவுக்கு மேல் இல்லை" என்றிருக்கும். இன்னொன்றில் மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே முதல் செப்டம்பர் தொடக்கத்து லேபர் டே வரை தள்ளுபடியே இருக்காது. உங்கள் தாளை எடுத்து, வெள்ளி சனி இரவுகளையும் கோடைக்கால இரவுகளையும் அடித்துவிட்டு மிச்சம் எத்தனை என்று பாருங்கள். ஒன்றும் மிச்சமில்லை என்றால் பாதி விலை இருந்தும் உங்களுக்குப் பயனில்லை. பணி ஓய்வு பெற்று அக்டோபரில், செவ்வாய்க்கிழமையில் ஊர் சுற்றுகிறவர்களுக்கோ இதே அட்டை பொன்னான விஷயம்.

தவுசண்ட் டிரெயில்ஸின் ஆண்டு அட்டையான கேம்பிங் பாஸில் ஒரே இடத்தில் அதிகபட்சம் 14 இரவு. நான்கு இரவுக்கு மேல் தங்கினால், அடுத்து அவர்கள் இடத்துக்குப் போகும் முன் 7 இரவு வெளியே இருக்க வேண்டும். நான்கு அல்லது அதற்குள் என்றால் நேராக அடுத்த இடத்துக்குப் போகலாம். அந்த 7 இரவு வெளியே எங்கே தங்குவீர்கள், அதற்கு என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 50 ஆம்ப் இணைப்புக்குச் சில இடங்களில் தனிக் கட்டணமும் உண்டு.

படி 4: வரைபடத்தில் பொருத்துங்கள்

தவுசண்ட் டிரெயில்ஸ் பாஸ் மண்டலவாரியாக விற்கப்படுகிறது. சியாட்டில் பக்கம் இருப்பவருக்கு லா கானர், சிஹேலிஸ், ஒரிகான் கடற்கரையில் சீசைடு, பசிபிக் சிட்டி என்று வரிசையாக இடங்கள் இருப்பதால் நல்ல பொருத்தம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்காகவே வண்டி வாங்கியவருக்கு அந்தப் பக்கம் இவர்கள் இடமே இல்லை. யெல்லோஸ்டோன் உள்ளேயும் ஹூக்கப் இருப்பது ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம் ஒன்றில்தான், அதைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும்.

படி 5: கணக்கு

ஒரு இரவு வாடகை 60 டாலர், தள்ளுபடி 10 சதவீதம் என்றால் மிச்சம் 6. மெம்பர்ஷிப் 40 டாலர் என்று வைத்தால் ஏழாவது இரவில்தான் போட்ட பணம் திரும்பும். பாதி விலையில் ஒரு இரவுக்கு 30 மிச்சம், 50 டாலர் கட்டணம் இரண்டே இரவில் வந்துவிடும், படி 3-இன் விதிகளைத் தாண்டி மிஞ்சிய இரவு குறைந்தது இரண்டு உங்கள் தாளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 6: அரசு பாஸை மறக்காதீர்கள்

இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கான 80 டாலர் தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் நுழைவுக்கு மட்டும், முகாம் கட்டணத்தைக் குறைக்காது. ஆனால் 62 வயது முடிந்த குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் 80 டாலரில் ஆயுள்கால பாஸ் கிடைக்கிறது. அதை வைத்து பல கூட்டாட்சி அரசு முகாம்களில் பாதிக் கட்டணம்தான். அமெரிக்க ராணுவப் பொறியாளர் துறை ஏரிக்கரைகளில் நடத்தும் முகாம்கள் இதில் சேர்த்தி, தண்ணீரும் மின்சாரமும் உள்ள இடங்கள் அங்கே நிறைய. டாலஸ் பக்கம் லூயிஸ்வில் ஏரியில் ஹிக்கரி கிரீக் அப்படி ஒன்று. கிரீன் கார்டோடு உங்களுடன் இருக்கும் அப்பா அம்மா வண்டியில் வருகிறார்கள் என்றால் முதலில் இதை வாங்குங்கள். விசிட்டர் விசாவில் வந்திருப்பவர்களுக்கு இது கிடையாது.

படி 7: கையெழுத்துக்கு முன்

முதல் வருடம் ஓராண்டு அட்டை போதும். இலவசமாகத் தங்க வைத்து, விற்பனைப் பேச்சுக்கு உட்காரச் சொல்லி, "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்று பல ஆயிரம் டாலர் ஒப்பந்தத்தை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய மெம்பர்ஷிப்பேதான் வேண்டும் என்றால் பழைய உறுப்பினர்களிடமிருந்து கைமாற்றாக மிகக் குறைந்த விலைக்கு வரும். மாற்றும்போது எந்தச் சலுகைகள் போய்விடும், ஆண்டுச் சந்தா எவ்வளவு, விலக வழி என்ன என்று நிறுவனத்திடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே அணைத்துவிட்டு, முடிகிற தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போனில் நினைவூட்டல் வையுங்கள். அந்த நாளில் பழைய தாளை எடுத்து, நிஜமாகத் தங்கிய இரவுகளை வைத்து படி 5-ஐ இன்னொரு முறை போட்டுப் பார்த்துப் புதுப்பிக்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.